சும்மா நின்ற ஐந்து நிமிடம்

எங்கள் கம்பெனியில் யாராவது சும்மா நின்றால் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பொறுக்காது. திட்ட மாட்டார், முறைக்கவும் மாட்டார். மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்று, "என்னம்மா, கை காத்தாடுது?" என்பார். மின்விசிறி செய்கிற இடத்தில் கை காத்தாடுது என்று கேட்பது பிரமாதமான நகைச்சுவை என்று அவருக்கு ஒரு நினைப்பு. இருபத்திரண்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் போனால் போகிறது என்று சிரித்துவைப்போம்.

அவரை லைன் அண்ணன் என்போம். கம்பெனி அட்டையில் 'அசெம்பிளி லைன் மேற்பார்வையாளர்' என்று போட்டிருந்தது. அவ்வளவு நீளத்தை யார் சொல்லிக் கூப்பிடுவது?

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது திட்டித்தான் எழுத நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை. ஆனால் நல்லதைச் சொல்லாமல் திட்டினால் திட்டுக்கே மரியாதை இருக்காது. அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பது வயதில் பெட்டி தூக்க வந்தவர் அவர். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அடுத்த பெட்டி வருவதற்குள் பக்கத்து மேஜையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பாராம். அப்படி எட்டிப் பார்த்தே ஏழு மேஜை வேலையையும் கற்றுக்கொண்டார். காயில் சுற்றுவது, வயர் சேர்ப்பது, பேரிங் பொருத்துவது, மூடி முடுக்குவது, மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது, இறக்கை சேர்ப்பது, பெட்டி கட்டுவது. காயில் மேஜையில் இருந்த பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு எடுத்த நான்கு நாள் லீவில் மூன்றாம் நாளே மாப்பிள்ளை வேலைக்கு வந்து நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டுல எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்கப்பா, பாக்க முடியல" என்றாராம்.

காது அப்படி ஒரு காது. அந்தக் கோடியில் நான்காவது மோட்டார் ஓடும். இந்தக் கோடியில் டீ குடித்துக்கொண்டே, "நாலாவதுல பேரிங் முனகுது, கழட்டுங்க" என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருக்கும். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஆபிசுக்குத் தெரியாமல் அவரே அந்த மேஜையில் உட்கார்ந்துவிடுவார். என் மகள் பிறந்து நான் திரும்பி வந்தபோது, ஆறு மாதம் தினமும் மதியம் அரை மணி நேரம் என் தராசுக்கு முன்னால் அவர்தான் உட்கார்ந்தார். நான் வீட்டுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவேன். இதை மறந்தேன் என்றால் நான் மனுஷியே இல்லை. மறக்கவில்லை என்பதால்தான் வயிறு இத்தனை எரிகிறது.

என் வேலை இறக்கை மேஜையில். ஒரு மின்விசிறிக்கு மூன்று இறக்கை. மூன்றும் ஒரே எடையில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் வீட்டில் மாட்டியதும் விசிறி தலையை ஆட்டும், படுத்திருக்கிறவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வந்து குவிகிற இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, ஒத்துப்போகிற மூன்றைச் சேர்த்து நாடா கட்டுவேன். பதினொரு வருடம் கட்டினேன். கடைசிக் காலத்தில் தராசே தேவைப்படவில்லை. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

பிறகு மந்தம் வந்தது. மந்தம் என்பது தின்றது செரிக்காமல் வயிற்றுக்கு வருவது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். நாட்டுக்கும் வரும் என்று டிவியில் சொன்னார்கள். கட்டிக்கொண்டிருந்த வீடுகளைப் பாதியில் நிறுத்தினார்கள். கூரை இல்லாத வீட்டுக்கு எவன் மின்விசிறி வாங்குவான்? எங்கள் கிடங்கில் பெட்டிகள் மேலே மேலே ஏறி ஜன்னலை மறைத்தன. பகலிலேயே விளக்குப் போட்டு உள்ளே போக வேண்டியிருந்தது.

ஒரு நாள் மேனேஜர் லைன் அண்ணனை ஆபிசுக்குள் கூப்பிட்டார். எங்கள் மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். எங்களைப் போன்றவர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஐம்பது பேரை வைத்து லைனை ஓட்ட முடியாது, ஒன்று மொத்தமாக மூடுவோம், இல்லையென்றால் பதினெட்டுப் பேரைக் குறைத்துவிட்டு மீதிப் பேரை வைத்து ஓட்டிக் காட்டுங்கள் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒரு வாரம் டைம் கேட்டார்.

அந்த ஒரு வாரமும் கையில் ஒரு நோட்டு, மணிக்கட்டில் கடிகாரம், ஒரு முக்காலி. ஒவ்வொரு மேஜைக்குப் பக்கத்திலும் ஒரு நாள் உட்கார்ந்தார். யார் எப்போது கை ஓய்ந்து நிற்கிறார்கள் என்று எழுதினார். நாங்கள் எல்லாரும் அண்ணன் நம்மைக் காப்பாற்றத்தான் எழுதுகிறார் என்று நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் அவருக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தேன்.

டெஸ்டிங் மேஜையில் அவர் கண்டுபிடித்தது இதுதான். மோட்டாரை ஸ்டாண்டில் மாட்டி ஐந்து நிமிடம் ஓட விட வேண்டும். சூடாகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் டெஸ்டிங்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. மூன்று இறக்கையை எடை போட்டு நாடா கட்ட எனக்கு ஆவது நான்கு நிமிடம். தராசைத் தூக்கி டெஸ்டிங் மேஜையில் வைத்துவிட்டால் முடிந்தது காரியம். டெஸ்டிங்காரர் சும்மா நின்ற ஐந்து நிமிடத்துக்குள் என் பதினொரு வருடம் அடங்கிவிட்டது, அதிலும் ஒரு நிமிடம் மிச்சம்.

இப்படியே ஒவ்வொரு மேஜையிலும் சும்மா நின்ற நேரத்தைப் பொறுக்கி எடுத்து ஒட்டுப் போட்டார். பெரிய பெட்டி அட்டை ஒன்றை விரித்து, சிவப்பிலும் நீலத்திலும் கோடு போட்டு ஒரு சார்ட் எழுதினார். முப்பத்திரண்டு பேரில் ஏழு மேஜை வேலையும் ஓடியது. மேனேஜர் அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

போகிற பதினெட்டுப் பேரையும் கேன்டீனில் உட்காரவைத்துப் பேசினார் அண்ணன்.

"லைன் நின்னுட்டா கம்பெனிய மூடிடுவாங்க. அப்புறம் யாருக்குமே வேலை இல்ல. ஓடிக்கிட்டு இருந்தாத்தான் நீங்க திரும்பி வர ஒரு இடம் இருக்கும். இது வேலைய விட்டு அனுப்புறது இல்ல, லீவு மாதிரி வச்சுக்கங்க. ஆர்டர் வந்ததும் வரிசையா கூப்பிடுவோம். யார் ரொம்ப வருஷமோ அவங்க முதல்ல. இது என் வாக்கு."

மேனேஜர் கதவோரம் நின்று தலையாட்டினார். ஆட்டிய தலைக்குக் கையெழுத்து கிடையாது என்று எங்களில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆளுக்கு ஒரு நம்பர் கிடைத்தது, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். நான் பதினொன்று. பத்தொன்பது வருடம் பேரிங் பொருத்திய அக்கா ஒன்று.

அதற்கப்புறம் நாங்கள் பெயரையே மறந்துவிட்டோம். போனில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். "ஆறு, உன் பொண்ணு பாஸ் பண்ணிட்டாளா?" "பதினாலுக்குக் காய்ச்சலாம்." கடைத்தெருவில் பார்த்தால், "வா பதினொண்ணு" என்பாள் பேரிங் அக்கா. இரண்டாம் நம்பர் சொந்த ஊருக்கே போய்விட்டார் என்று தெரிந்தபோது வருத்தத்தோடு கூடவே, நான் பத்தாகிவிட்டேன் என்று ஒரு அற்ப சந்தோஷமும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூப்பிடுகிற நம்பரை யாரும் மாற்றவில்லை.

மாதா மாதம் அண்ணன் குரூப்பில் ஒரு வரி போடுவார். "பேசிட்டு இருக்கேன். அடுத்த மாசம் பாக்கலாம்னு இருக்காங்க." நாங்கள் உடனே கும்பிடு படம் அனுப்புவோம்.

ஒன்றேகால் வருடம் போனது. மந்தம் நீங்கியது என்று பேப்பரில் போட்டார்கள். பொய் இல்லை, நானே பார்த்தேன். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். ஒரு நாள் அவரோடு கம்பெனி வழியாகப் போனபோது கேட்டுக்கு வெளியே ஆறு லாரி வரிசையில் நின்றது. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு ஷிப்டும்மா இப்ப. மூச்சு விட நேரமில்ல."

"அப்ப எங்களக் கூப்பிடுவாங்கல்ல?"

"கூப்பிடாம? ஆள் இல்லாம சாகுறாங்க உள்ள" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து என் கம்பெனி ஓவர்கோட்டைத் துவைத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர், "அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். நான் அவரை முறைத்தேன்.

அதற்கு நான்கு மாதம் கழித்து, பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த பெரிய மளிகைக் கடையில் பில் போட ஆள் கேட்டார்கள். கடைக்காரம்மாவுக்கு என்னைத் தெரியும். ஆனால் ஒரே ஒரு பேச்சு: "வேலை கத்துக்கிட்டு நடுவுல விட்டுட்டுப் போயிடக் கூடாது. ரெண்டு வருஷமாவது இருப்பேன்னு சொல்லு, நாளைக்கே வா." நான் அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"போகாதம்மா" என்றார். "லாரியெல்லாம் பாத்தல்ல? அடுத்த மாசம் கண்டிப்பா. இப்ப போய் அங்க மாட்டிக்கிட்டா உன் இடம் போயிடும்."

என் இடம். அந்தச் சொல்லில் நான் விழுந்துவிட்டேன். கடைக்காரம்மாவிடம் முடியாது என்று சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கையைப் பிசைந்துகொண்டு உட்கார முடியாமல் நானே வெளியே வேலை தேடினேன். ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "இப்ப எங்க வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"இப்ப எங்கயும் இல்லம்மா. அதனாலதான் வந்திருக்கேன்."

"இல்லக்கா, இங்க வேலையில இருக்கிறவங்களத்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க. ரொம்ப நாள் வீட்டுல இருந்தவங்கன்னா கை விட்டுப் போயிருக்கும்ல?"

வேலை வேண்டும் என்றால் முதலில் ஒரு வேலை இருக்க வேண்டுமாம். சோறு தின்றுவிட்டு வந்தால்தான் இலை போடுவேன் என்பது போல. என் கையை அவளுக்கு நேராக நீட்டி, "ரெண்டு டம்ளர் கொடு, எது எத்தனை கிராம் அதிகம்னு சொல்றேன்" என்றேன். அவள் பயந்துபோய் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இன்னொரு கம்பெனியில், ஆர்டர் இப்படியே நிற்குமா என்று தெரியவில்லை, மூன்று மாதம் பார்த்துவிட்டு எடுப்போம் என்றார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் இன்னும் மூன்று மாதம் என்றார்கள். எங்கே போனாலும் உள்ளே இருக்கிறவர்கள் கண் சிவந்து, முதுகு ஒடிந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். வெளியே நாங்கள் கை காத்தாடிக்கொண்டு நின்றோம். ஊரில் எல்லாக் கம்பெனியிலும் ஒரு லைன் அண்ணன் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உண்மை ஒரு பஸ் நிறுத்தத்தில் தெரிந்தது. பேக்கிங் மேஜையில் இன்னும் வேலையில் இருக்கிற தோழி ஒருத்தியை அங்கே பார்த்தேன். அவளை உள்ளே வைத்துக்கொண்ட நாளிலிருந்து எனக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமை. அன்று அவளைப் பார்த்ததும் அது போய்விட்டது. இரண்டு மணிக்கட்டிலும் துணி சுற்றியிருந்தாள். பத்து மணி நேரம் நின்று, மூடி முடுக்கி, பெட்டியும் கட்டுகிறாளாம்.

"எங்களக் கூப்பிட்டா உனக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம்ல? அண்ணன் அடுத்த மாசம்ங்கிறாரு" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "எந்த அடுத்த மாசம்? யாரையும் எடுக்கிறதில்லன்னு மேனேஜரே நம்ம அண்ணன்கிட்ட நேரா சொல்லி ஏழு மாசம் ஆச்சே. நான் பக்கத்துலதான் நின்னேன். உங்கிட்ட அவரு சொல்லலையா?"

ஏழு மாதம். மளிகைக் கடை வேலை வந்தது ஐந்து மாதத்துக்கு முன்னால். நான் விரல் விட்டு எண்ணினேன், திரும்பவும் எண்ணினேன். அவள் பஸ் வந்து போய்விட்டது, என் பஸ்ஸும் வந்து போய்விட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அண்ணன் வீட்டுக்குப் போனேன். காயில் மேஜையில் இருந்த அந்த அண்ணிதான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், "மாடியில இருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். மாடியில் அவர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கையில் பிரஷ்.

"வாம்மா பதினொண்ணு" என்றார்.

"என்னை நம்பர் சொல்லிக் கூப்பிடாதீங்கண்ணே. எனக்குப் பேரு இருக்கு."

பிரஷைக் கீழே வைத்தார். நான் பேக்கிங்காரி சொன்னதைச் சொன்னேன். இல்லை என்று சொல்லுவார் என்று மனதில் ஒரு மூலையில் ஆசை இருந்தது. அவர் இல்லை என்று சொல்லவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"ஆர்டர் ஏறினதும் நானேதாம்மா லிஸ்ட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். முதல்ல ஆறு பேரையாவது கூப்பிடுங்க சார், பசங்க செத்துக்கிட்டு இருக்காங்கன்னேன். எந்த லிஸ்ட்டுன்னு கேட்டாரு. நம்பர் போட்டது, வரிசை, எதுவும் அவங்ககிட்ட இல்ல. ஆபிஸ்ல ஒரு துண்டுச்சீட்டு கூட இல்ல. எல்லாம் என் நோட்டுல மட்டும்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"சார் என் சார்ட்டக் காட்டினாரு. ஃபிரேம் போட்டு மாட்டிருக்காங்க. 'நீங்கதானே காட்டுனீங்க, முப்பத்திரண்டு பேரே போதும்னு. இப்ப ஐம்பது வேணும்னு கேட்டா நான் மேல என்ன பதில் சொல்றது?'ன்னாரு. மிச்சமான பணத்துல ஒரு மிஷின் வாங்குறோம், அதுவும் வந்துட்டா இன்னும் ஈசியா இருக்கும்னாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபத்திரண்டு வருட உழைப்பை வைத்து அவர் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறார்கள். சார்ட்டில் அவருடைய கையெழுத்து, அவருடைய சிவப்புப் பேனா, அவருடைய கண். எனக்கு ஒரு நிமிடம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்ததாக அவர் சொன்னதில் அந்தப் பாவம் பறந்துவிட்டது.

"அதுக்கப்புறம் ரெண்டாவது யூனிட்டுக்கு அனுப்பினாங்க. அங்கயும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லி."

"போனீங்களா?"

"பத்து நாள்."

"எத்தனை பேரு?"

அவர் பிரஷை எடுத்துத் தொட்டி விளிம்பைத் தேய்த்தார்.

"அண்ணே, அவங்களுக்கும் நம்பர் குடுத்தீங்களா?"

கீழே அண்ணி பாத்திரத்தைப் போடுகிற சத்தம் கேட்டது.

"அவங்க ஏமாத்துனாங்க, சரி. அது அவங்க புத்தி. நீங்க ஏன் என்னை மளிகைக் கடைக்குப் போகாதன்னு சொன்னீங்க? கூப்பிட மாட்டாங்கன்னு தெரிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு சொன்னீங்க. ஏன்?"

என்னைப் பார்க்காமல் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க காத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் நான் உங்கள லீவுல அனுப்பினவன். நீங்க ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டா, நான் உங்க வேலையப் பிடுங்கினவன். ஒவ்வொரு மாசமும் சொல்லிடணும்னுதான் போன எடுப்பேன். 'சரிண்ணே, காத்திருக்கோம்'பீங்க. அதக் கேட்டுட்டா என்னால சொல்ல முடியலம்மா."

எனக்கு அழுகை வரவில்லை, அப்படி ஒரு கோபம் வந்தது. கம்பெனி மேல் வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம். கம்பெனியை நான் எந்தக் காலத்திலும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

"அப்ப நாங்க இத்தனை நாள் எங்க வேலைக்காகக் காத்திருக்கல. நீங்க நிம்மதியா இருக்கணும்னு காத்திருந்திருக்கோம். பதினெட்டுப் பேரும் உங்களுக்காக உக்காந்திருக்கோம். சும்மா!"

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் அவருக்கு அடி விழுந்த மாதிரி ஆனது. அது விழ வேண்டும் என்றுதான் சொன்னேன்.

"இப்பவே எல்லாருக்கும் சொல்லுங்க" என்றேன். "என் முன்னாடி."

போனை எடுத்தார். குரூப்பைத் திறந்தார். கட்டைவிரல் திரைக்கு மேல் நின்றது. ஏழு மேஜை வேலையும் தெரிந்த கை, ஒரு எழுத்தைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போனை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஈரக் கையால் துடைத்ததால் அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. இறங்கி வந்தேன். அண்ணி டீயை நீட்டினாள். வாங்கவில்லை.

"எங்கிட்டயும் சொல்லலம்மா" என்றாள். "லிஸ்ட்டு ஆபிஸ்ல இருக்குன்னுதான் இந்த வீட்டுலயும் பேச்சு."

அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். புது மிஷின் வந்து லைனில் இன்னும் நான்கு பேர் குறைந்துவிட்டார்களாம். யாரிடமும் பேசுவதில்லை, அந்தப் பழைய நகைச்சுவையையும் சொல்வதில்லை என்று பேக்கிங்காரி சொன்னாள். இப்போது யாரும் கை ஓய்ந்து நிற்பதில்லையே, யாரிடம் போய்ச் சொல்வார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து போனை எடுத்து உட்கார்ந்தேன். குரூப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு வருடமாகப் போன் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஒரு வரியில் கதவைச் சாத்துவது சரியாகப் படவில்லை. யாராவது ஒருத்தர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கம்பெனி கூப்பிடவில்லை, அண்ணனாலும் முடியவில்லை, மிச்சம் நான்தான். பதினெட்டில் ஆரம்பித்துக் கீழிருந்து மேலே போனேன், ஏனென்றால் மேலே இருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது.

பதினெட்டு, "எனக்கு அப்பவே தெரியும், நீ இன்னுமா நம்பிட்டு இருந்த?" என்று சிரித்தாள். பதினைந்து பாதியிலேயே போனை வைத்துவிட்டார். பதினான்கு, ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறேன், யாரிடமும் சொல்லாதே என்றாள். ஒன்பது என்னையே திட்டினார், நான்தான் வேலையைக் கெடுத்தது போல. ஆறு, "அண்ணனா? லைன் அண்ணனா?" என்று நான்கு முறை கேட்டாள். நான் நான்கு முறையும் ஆமாம் என்றேன். இரண்டுக்குப் போன் போகவே இல்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியாக ஒன்று.

முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை, பேரிங் அக்கா எடுத்துவிட்டாள். "ஹலோ" கூடச் சொல்லவில்லை.

"வந்துடுச்சா?" என்றாள். மூச்சு வாங்கியது, எங்கிருந்தோ ஓடி வந்திருக்கிறாள். "இப்பத்தான் ஆறு போன் பண்ணா, அழுதுக்கிட்டே என்னமோ சொன்னா, ஒண்ணும் புரியல. சந்தோஷத்துல அழுவுறான்னு நெனச்சேன். சொல்லு பதினொண்ணு, எனக்கு எந்த ஷிப்டு?"

'அடுத்த மாசம்க்கா' என்பது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்தது. அதைச் சொன்னால் அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், போனை வைத்துவிட்டுச் சோறு ஆக்கப் போவேன். அந்த மனிதர் ஏழு மாதம் எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை.

"எந்த ஷிப்டும் இல்லக்கா" என்றேன்.